நாலாம் நம்பர் சிஸ்டம்

ஜூலை 7, திங்கள்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். கடல் காற்று இரண்டு நாளாக லீவு. தண்ணீர் லாரியும் வரவில்லை. நேற்றைய இரண்டு குடத்தில் சமையல், குளியல் எல்லாம். குளியல் என்று எழுதுவதே பொய். துடைத்துக்கொண்டேன்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நின்றபடியே பஸ். வெளியே டிரெய்லர் வரிசை டோல்கேட் தாண்டி. இத்தனையும் எங்கள் எடைமேடையில்தான் ஏற வேண்டும். ஏறு, எடை போடு, சீட்டு கிழி, இறங்கு. ஒன்பது வருடமாக இதுதான் என் உத்தியோகம்.

ஆபீசில் இன்று பெரிய கூத்து. ஜூன் மாதப் பட்டியலை நிரப்பி அனுப்பச் சொல்லித் தலைமை ஆபீஸ் மெயில். மெயிலோடு வந்த பட்டியலை அப்படியே ஓப்பன் செய்து உட்கார்ந்தேன். வண்டி நம்பர், லோடு எடை, காலி எடை. மூன்று மணி நேரம். நடுவில் நாலு தடவை சேவ். முடித்து மூடினேன். அனுப்பலாம் என்று தேடினால் காணோம். மெயிலை மறுபடி ஓப்பன் செய்தால் வெறும் கட்டங்கள்.

மானேஜர் (இனி மானே.) பின்னால் வந்து நின்றார்.

"எங்க சேவ் பண்ணே?"

"பண்ணேன் சார்."

"அதான், எங்க?"

தெரியவில்லை. கம்ப்யூட்டரும் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை.

"கம்ப்யூட்டர் என்ன உன் முந்தானையா, எங்கயோ முடிஞ்சி வச்சேன்னு சொல்றதுக்கு?"

மனதுக்குள் நாலு பதில் சொன்னேன். இங்கே எழுதினால் டைரி நாறும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பாபு சாருக்குப் போன் போட்டாகிவிட்டது. நாளை வருகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே:

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னா சொன்னான்?"

"நல்லா கீறானாம். வேலை ஜாஸ்தியாம்."

அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தாள். நான் முகம் கழுவப் போனேன். தண்ணீர் இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.


ஜூலை 8, செவ்வாய்

மேகம். மழை இல்லை, சும்மா மிரட்டல்.

பதினொரு மணிக்கு பாபு சார். எம்.கே.பி. நகரிலிருந்து ஸ்கூட்டரில், சீட்டுக்கு அடியில் பாதிக் கம்ப்யூட்டர். ஐம்பது வயது. பம்பாயில் பத்து வருடம் இருந்தவர். என்னை மேடம் என்பார், மானே.-ஐ எதுவும் சொல்ல மாட்டார், அதனாலேயே பிடிக்கும்.

நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

"எல்லாரும் பண்றதுதான் மேடம். மெயில்லர்ந்து நேரா ஓப்பன்னு குட்த்தா, அது சும்மா காட்டாது. ஒரு காப்பி எட்த்து மடில கட்டிக்கும். நீங்கோ அந்தக் காப்பில எய்திக்கினு இருந்துக்கிறீங்கோ. சேவும் அதுலதான் ஆயிக்கீது."

"அந்தக் காப்பி எங்க?"

"ஒளிச்சி வச்சிக்கும். டெம்பரவரி போல்டருன்னு ஒண்ணு கீது. தொறந்தாக்கூட கண்ணுக்குத் தெரியாது. தெரியற மாதிரி நாமதான் பண்ணணும்."

எங்கோ ஒரு மெனு, ஒரு டிக். மறைந்திருந்ததெல்லாம் மங்கலான மஞ்சளில் எழுந்து வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. கடைசிப் பெட்டிக்கு வாயில் நுழையாத பெயர், எழுத்தும் நம்பருமாக. உள்ளே என் ஜூன் பட்டியல், முழுசாக. அதோடு போன வருடத்திலிருந்து நான் ஓப்பன் செய்து பார்த்த அத்தனையும். டிரைவர் லைசென்ஸ் ஸ்கேன், யாரோ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து, மானே.-இன் மைத்துனர் ஜாதகம் (அது ஏன் என் சிஸ்டத்தில்?).

"சேவே பண்ணல, ஓப்பன் பண்ணி பிரிண்ட் மட்டும் எட்த்தா? அப்பவும் காப்பி இருக்குமா?"

"ஓப்பன் பண்ணாலே இருக்கும் மேடம். யாரும் அழிக்காத வரைக்கும்."

பட்டியலை அனுப்பினேன். மானே. நன்றிகூடச் சொல்லவில்லை. அதெல்லாம் இன்று உறைக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். தம்பியின் கடிதம். அவனும் ஓப்பன் செய்து பிரிண்ட்தான் எடுத்தான்.

இதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட.

சேவியர் (சே. என்று எழுதுகிறேன், முழுப் பெயரையும் எழுதினால் கை நிற்கிறது) மார்ச்சில் கப்பல் வேலைக்குப் போனான். மண்ணடியில் ஒரு ஏஜென்ட். மெயிலில் வேலைக் கடிதம் வந்தது, தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒரே ஒரு பிரிண்ட் எடுத்தான், அதைக் கையோடு கொண்டுபோனான். ஈஸ்டர் அன்று ஷார்ஜாவிலிருந்து பேசினான். "நாளைக்குக் கப்பல் ஏறுறேன்க்கா, ஏறினதும் பண்றேன்." அவ்வளவுதான். ஏப்ரல், மே, ஜூன் போய்விட்டது.

ஏஜென்ட் ஆபீஸ் பூட்டு. போர்டு இல்லை. அரசாங்கக் கப்பல் ஆபீசில் இரண்டு முறை போய் நின்றேன். "கப்பல் பேர் என்னம்மா? கம்பெனி பேர்? லெட்டர் காப்பி? எதுவுமே இல்லாம கடல்ல எங்க தேடுறது?" அவர் கேட்டதில் தப்பில்லை. கப்பலின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத அக்கா நான்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என் ஆபீசுக்கு வாராவாரம் போன் பண்ணுகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை சொன்னவை (முன்னுக்குப் பின் மாறாமல் இருக்க):

மே 10 – கப்பல் பெரிசு.
மே 19 – ரூமில் மூன்று பேர். ஒருவன் தூத்துக்குடி.
மே 26 – வெயில். மூக்கில் ரத்தம் வரவில்லை (அம்மா கேட்டாள், சின்ன வயதில் வரும்).
ஜூன் 9 – முடி வெட்டிக்கொண்டான்.
ஜூன் 16 – தினமும் பைபிள். (இதை அம்மாவே நம்பவில்லை.)
ஜூன் 30 – அம்மாவின் வஞ்சிர மீன் குழம்பு நாக்கிலேயே நிற்கிறதாம்.
நேற்று – வேலை ஜாஸ்தி.

ஜூன் 30-க்கு மறுநாள் அம்மா காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். வைத்துவிட்டு அவளால் சாப்பிட முடியவில்லை. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். எனக்கு நரகம் உறுதி.


ஜூலை 9, புதன்

ஆபீஸ் முடிந்து நேராகப் பிரவுசிங் சென்டர். தடுப்பு போட்ட ஆறு சிஸ்டம், ஒரு டேபிள் பேன், சுவரில் இங்கே சாப்பிடாதீர் என்ற நோட்டீஸ், அதன் கீழே உட்கார்ந்து முதலாளி மூர்த்தி போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சேவியரா? நம்ப தோஸ்த்தாச்சேக்கா. எப்பவும் நாலாம் நம்பர்தான், பேனு காத்து அங்கதான் வரும். எப்டி கீறான்?"

"கீறான்" என்றேன். இவனிடமும் பொய். பிறகு நிறுத்திக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னது. போண்டாவைப் பேப்பரில் மடித்து வைத்துவிட்டான்.

சே.-இன் மெயிலுக்குள் போக முயன்றோம். பாஸ்வேர்டு: பிறந்த நாள், அம்மா பெயர், என் பெயர், கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் மூன்று பேர். எதுவும் திறக்கவில்லை.

அந்த ஒளித்து வைக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அய்யோ அக்கா, வாரா வாரம் ஞாயித்துக்கெழம அத்த மொத்தமா அழிச்சிடுவேன். வைரஸு பேஜாரு."

நாலாம் நம்பர் முன்னால் போய் நின்றேன். யாரோ காலேஜ் பையன் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இரு இரு. இது அந்த நாலு இல்ல. இது புச்சு. பழைய நாலு மார்ச்சுல, சேவியரு பிரிண்ட் எட்த்துக்கினு போன ரெண்டே நாள்ல பொகை வந்து பூட்ச்சி. பரண்ல கீது. இந்த வாரம் காயலான் கடைக்குப் போடலாம்னு இருந்தேன்."

பரணில் ஏறி அவனே இறக்கினான். தூசு, பல்லிப் புழுக்கை, பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய 4 என்ற ஸ்டிக்கர். கெட்டுப்போனதால் யாரும் அழிக்கவில்லை. அதைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கனமாக இருக்கும் என்று மூர்த்தி தரவில்லை.

பாபு சாருக்குப் போன். சனிக்கிழமை வருகிறாராம். அதற்கு முன் புழலில் ஏதோ பள்ளிக்கூட வேலையாம். சனிக்கிழமை வரை என்ன செய்வது?


ஜூலை 10, வியாழன்

லாரி வந்தது, ஐந்தரை மணிக்கு. குடம், பக்கெட், பெயின்ட் டப்பா. எங்களுக்கு ஆறு குடம். தெருவே எழுந்து நின்றது.

வரிசையில் எனக்கு முன்னால் பரிமளாக்கா. பக்கத்து வீடு, இடையில் ஒரே சுவர். மே மாதம் முதல் தேதியிலிருந்து பேச்சு இல்லை. இனி ப. என்று எழுதுகிறேன், முழுப் பெயருக்கு அவள் லாயக்கில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

சண்டையும் இந்த லாரியில்தான். என் குடத்தை நகர்த்தி அவள் குடத்தை வைத்தாள். நகர்த்தவில்லை, கால் தட்டிவிட்டது என்றாள். வாய் வளர்ந்தது. தெருவில் போன் உள்ள வீடு அவளுடையது ஒன்றுதான். ஏழு வீட்டுக்கு அவள் நம்பர்தான் பி.பி. நம்பர். யாருக்குப் போன் வந்தாலும் மாடிப்படியில் நின்று கத்திக் கூப்பிடுவாள், முகம் சுளித்ததே இல்லை. அதைப் பிடித்து இழுத்தேன். "போன் வச்சிருக்கிற திமிரு. இனிமே உன் போன்ல எங்க வூட்டுக்கு ஒரு கால் வந்து நாங்க வந்து எடுத்தா, செருப்பால அடி." ஊர் முழுக்கக் கேட்டது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா பத்து நாள் பொறுத்தாள். பிறகு, சே. போன் பண்ணியிருப்பானோ, ப.-விடம் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். போகக்கூடாது என்பதற்காகத்தான் முதல் பொய். "அவன் இப்ப என் ஆபீசுக்குத்தான் பண்றான்மா." அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். என் புள்ள, அக்கா ஆபீசுக்கு, வாரா வாரம், வெளிநாட்டுக் கால். நாளாக ஆக அதுவே எனக்கும் வசதியாகிவிட்டது.

அந்தப் போன் அடிப்பது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். வீம்பு.

இன்று ப.-வின் குடத்தில் விளிம்பு உடைந்திருந்தது. ஏன் கவனித்தேன் என்று தெரியவில்லை.


ஜூலை 11, வெள்ளி

ஒன்றும் இல்லை. வண்டி 61. ஒருவன் எடை குறைத்துப் போடச் சொல்லி வாழைப்பழத் தார் கொண்டு வந்தான். திருப்பி அனுப்பினேன்.

தலைவலி. ரசம்.

அம்மா: "திங்கக்கெழம பேசினா, மூக்கு பத்தி மறுபடி கேளு."


ஜூலை 12, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

அரை நாள் லீவு. இரண்டு மணிக்கு பாபு சார். பழைய நாலின் வயிற்றைத் திறந்து, ஒரு புத்தகம் அளவுப் பெட்டியைக் கழற்றி, மூர்த்தியின் முதல் சிஸ்டத்தில் மாட்டினார். எனக்கு மட்டும் ஸ்டூல். மற்றவர்களை மூர்த்தி, "சர்வர் டவுனு, நாலு மணிக்கு வாங்கோ" என்று துரத்தினான்.

ஒளித்து வைத்த இடம் திறந்தது. நாலு பெட்டி, நாலும் வாயில் நுழையாத பெயர். உள்ளே ராயபுரமே கிடந்தது. வேலைக்கான பயோடேட்டா முப்பதுக்கு மேல். கல்யாணப் பத்திரிகை. ஸ்கேன் ரிப்போர்ட். ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாள், ஒரே போட்டோ பதினோரு காப்பி. யாரோ ஒரு பெண்ணுக்கு யாரோ எழுதிய கடிதம், அதில் நாலு வரி படித்துவிட்டேன். தெரிந்த ஆளோ என்று தேடியது என் புத்தி. பாபு சார் அதை மூடினார். வெட்கமாக இருந்தது.

மூன்றாவது பெட்டியில், மார்ச் 11 தேதியில், சே.-இன் கடிதம்.

கப்பல் பெயர் எம்.வி. மரியம் கே. கம்பெனி, ஷார்ஜா ஏஜென்ட், போன் நம்பர், ஆறு மாதம் என்ற ஒப்பந்தம். கீழே அவன் முழுப் பெயர். கப்பலுக்கு மாதா பெயர். ஏனோ அதுதான் முதலில் பட்டது. அப்புறம்தான் அழுகை.

மூர்த்தி தன் போனை என் முன்னால் நகர்த்தினான். "போடுக்கா. ஐ.எஸ்.டி. கீது." என்னால் பேச முடியாது, அங்கே ஹிந்தி. பாபு சார் பேசினார். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு ஆள். பாபு சார் நிறையக் கேட்டார், கொஞ்சம் பேசினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்:

"உயிரோட கீறான் மேடம். மொதல்ல அத்த கேளுங்கோ. கப்பலு மே மாசத்துலர்ந்து வெளில நங்கூரம் போட்டுக்கினு நிக்கிது. ஓனரு ஆளே இல்ல, ஓடிட்டான். ஆறு பேரு மேலயே கீறாங்கோ. எறங்க உடல. சாப்பாடு கம்மி. தண்ணிப் படகு வாரத்துல ஒரு நாளு போவுது, திங்கக்கெழம. அதுல ஒருத்தன் ரெண்டு பேரு கரைக்கு வந்து வூட்டுக்குப் போன் பண்ணிட்டுப் போவாங்களாம்."

"இவனுமா?"

அதையும் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ரெண்டு தபா பண்ணிக்கிறானாம். வூட்ல யாரும் பேசலியாம்."

எந்த நம்பருக்கு? யாருக்கும் தெரியாது. மூர்த்திதான் திரையைக் காட்டினான். "அக்கா, இன்னும் ரெண்டு கீது பாரு. பாரமு."

ஒரே விண்ணப்பப் படிவம், இரண்டு காப்பி. அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர்: ஜெசிந்தா. உறவு: அக்கா. அம்மா பெயரை எழுதவில்லை, என் பெயர். முதல் காப்பி மார்ச் 11 சாயங்காலம். போன் நம்பர் என்ற இடத்தில் என் ஆபீஸ் நம்பர். இரண்டாவது மறுநாள் காலை. அதே படிவம், எல்லாம் மறுபடி டைப் செய்தது. ஆபீஸ் நம்பருக்குப் பதில் ப.-வின் நம்பர், பக்கத்தில் பி.பி.

முதல் காப்பியை அவனும் என்னைப்போல் சேவ் செய்து தொலைத்திருக்கிறான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மூளை. ஆனால் நம்பர் ஏன் மாறியது என்று இவர்கள் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அன்று இரவு சாப்பிடும்போது கேட்டான், "அக்கா, உன் ஆபீஸ் நம்பர் குடுத்துக்கீறேன், பரவால்லியா?" நான், "ஆபீஸ் நம்பருக்கெல்லாம் பண்ணாத. மானேஜர் மூஞ்சியக் காட்டுவாரு. எனக்கு அசிங்கம்." அவன் சரிக்கா என்றான். இன்னொரு தோசை கேட்டான்.


ஜூலை 13, ஞாயிறு

பூசை. பிரசங்கம் காதில் விழவில்லை.

நேற்றைய மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

சென்டரிலிருந்து நேராக ப. வீடு. படியில் செருப்பைக் கழற்றினேன். செருப்பால அடி என்று நானே சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளே அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போன் அதன் இடத்தில், ஸ்டூல் மேல், லேஸ் துணி போட்டு.

"எங்க சேவியர் உனக்குப் போன் பண்ணானாக்கா?"

முறத்தைக் கீழே வைத்தாள்.

"பண்ணான். மே கடைசில ஒரு தபா. ரெண்டு வாரம் முன்ன ஒரு தபா. ஒரே எரைச்சலு. 'பரிமளாக்கா, அக்காவக் கூப்டு, அவசரம்'னான்."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? வந்து எட்த்தா செருப்பால அடின்னு நீ சொல்லிக்கீற. உங்கம்மா, வாரா வாரம் ஆபீசுக்குப் பேசறான்னு சொல்லிக்கினு கீது. 'உங்க அக்கா ஆபீசுக்குப் பண்ணுப்பா, அங்கதான பேசிக்கிறீங்கோ'ன்னேன். 'ஆபீசுக்கு வேணாம்னு அக்கா சொல்லிக்கீது'ன்னான். அப்பால லைன் பூட்ச்சி. ரெண்டாந்தபாவும் அதேதான்."

நான் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனா விழுந்தேனா. ஆபீசுக்குப் பேசவே இல்லை, எல்லாம் என் பொய், மூன்று மாதமாக அவனைக் காணோம் என்று சொன்னேன். ப. தலையில் அடித்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொவத்துக்கு அந்தாண்டதான கீற. ஒரு வார்த்த கத்தியிருந்தா நானே வந்துருப்பேன்" என்றாள். பிறகு, "நானாச்சும் கத்தியிருக்கணும்."

இரண்டு வாரம் முன்பு என்றால் ஜூன் 30. திங்கள். பந்த். வண்டி ஓடவில்லை, சுவருக்கு இந்தப் பக்கம் வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் முழுக்க ரேடியோ சத்தமாக. அம்மாவிடம் வஞ்சிரக் குழம்புப் பொய் சொன்னதும் அன்றுதான். ஆபீஸ் மூடிய நாளில் ஆபீசுக்குப் போன் வந்தது என்று சொல்லியிருக்கிறேன், அம்மாவுக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும் இல்லை.

அம்மாவிடம் நேற்றே சொன்னேன், ப.-வை வைத்துக்கொண்டு. கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்:

"கொழம்பு கேட்டான்னியே. அதுவும் நீதானா?"

ஆமாம் என்றேன். எழுந்து போய் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இன்று காலை பூசைக்கு என்னோடு வரவில்லை, தனியாகப் போனாள்.

நாளை திங்கள். தண்ணீர்ப் படகு.

செய்ய வேண்டியவை:
லீவு சொல்ல வேண்டும்.
கடிதக் காப்பி இரண்டு, கப்பல் ஆபீசுக்கு (செவ்வாய்).
பாபு சாருக்கு நன்றி. ஏதாவது வாங்கிப் போக வேண்டும், பணம் வாங்க மாட்டார்.
அம்மாவிடம் பேச.


ஜூலை 14, திங்கள்

வெயில். கடல் காற்று பத்து மணிக்கே வந்தது.

காலையில் எடைமேடைக்குப் போய் மானே.-இடம் நேரில் சொன்னேன். எல்லாம், பொய் உட்பட. தம்பி இங்கே பண்ணினால் தயவு செய்து விஷயத்தைக் கேட்டு எழுதி வையுங்கள் சார் என்றேன். அவர், "இதுக்குப் போயா இத்தன நாளு? பண்ணச் சொல்லு, என்ன இப்ப" என்றார். மார்ச்சில் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மார்ச்சிலேயே இதைத்தான் சொல்லியிருப்பார். கேட்கவே இல்லை. அவர் காட்டாத மூஞ்சியை நானே காட்டிக்கொண்டேன்.

பதினொன்றரையிலிருந்து ப. வீடு. அம்மா ஏற்கெனவே அங்கே, ஜன்னல் பக்கம், ஜெபமாலையோடு. என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தாள்.

11.50 – போன். மாடி வீட்டு செல்வி அக்காவுக்கு. ப. படியில் நின்று கத்தவில்லை. "சுருக்கா சொல்லுங்க, லைன் வேணும்" என்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.
12.40 – ராங் நம்பர்.
1.15 – ப.-வின் வீட்டுக்காரர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து. "சாப்டேன், வையி" என்று வைத்துவிட்டாள். அவர் பாவம்.
2.00 – ப. சோறு போட்டாள். காரக் குழம்பு. மூன்று பேரும் தட்டைப் பார்த்தபடி.
2.30 – ஒன்றுமில்லை. போன் செத்துவிட்டதோ என்று ப. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். சத்தம் வந்தது. உடனே வைத்தாள், அந்த நேரம் பார்த்து அவன் பண்ணிவிட்டால்?
3.20 – மறுபடி செல்வி அக்காவுக்கு. அதே ஆள். ப. நன்றாகத் திட்டினாள்.

நாலு மணிக்கு அம்மா வாயைத் திறந்தாள். "படகுல இன்னிக்கி வேற ஆளு வந்துருப்பான்."

4.25 – போன். நீள மணி, வெளிநாட்டுக் கால் மணி வேறு மாதிரி. நான் எழுந்துவிட்டேன். ப. எடுத்தாள். கேட்டாள். அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்:

"இருப்பா, வச்சிடாத. கீறா. பக்கத்துலதான் கீறா."

முதலில் அம்மா கையில் கொடுத்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, "மூக்குல ரத்தம் வருதாடா?" அவன் என்ன சொன்னானோ, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், அவனுக்குத் தெரியுமா என்ன? பிறகு என்னிடம் நீட்டினாள்.

ஒரே இரைச்சல். நடுவில் அவன் குரல், மெலிந்து, தொண்டை கட்டி. கப்பல் பேர் தெரியும்டா, நாளைக்கே ஆபீசுக்குப் போறேன், உன்னைக் கூட்டி வந்துடுவோம் என்று கத்தினேன். கேட்டதா தெரியவில்லை. அவன் அழவில்லை, குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது:

"அக்கா, அடுத்த வாரம் உன் ஆபீசுக்குப் பண்ணட்டுமா? திட்டுவாங்களா?"

பண்ணுடா, எப்ப வேணாலும் பண்ணு, யாரும் திட்ட மாட்டாங்க என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். ப. என் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். லைன் எப்போது போனது என்று தெரியவில்லை.